எலும்பு மச்சை மாற்றுக்குப் பிறகு வீட்டில்: கொழும்புக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரத்தப் புற்றுநோய், தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா என்று ஏதோ ஒன்றுக்காக ஸ்டெம் செல் மாற்று (இரத்தத்தை உண்டாக்கும் மூல செல்களை ஏற்றுவது, பேச்சில் பி.எம்.டி.) செய்துகொண்டு கொழும்பில் வீடு திரும்பும் குடும்பங்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போடுகிறேன். நான் டொக்டர் இல்லை. என் அண்ணாவுக்கு ஸ்டெம் செல் கொடுத்தவளும், அதன்பிறகு வெள்ளவத்தை வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டவளும் நான்தான், அவ்வளவுதான் என் தகுதி. மருந்து, அளவு, நாள்கணக்கு எல்லாவற்றிலும் உங்கள் டொக்டர்கள் சொல்வதே முடிவு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. இந்தச் சிகிச்சைக்குப் பின் வரும் சிக்கல்களில் அநேகமானவை சின்னதாகத்தான் தொடங்கும். அன்றைக்கே சொன்னால் அநேகமாக ஏதாவது செய்ய வழி இருக்கும். "திங்கட்கிழமை கிளினிக்தானே, அப்போது சொல்லலாம்" என்று வைத்திருப்பதுதான் ஆளைச் சாய்க்கும்.

புதிய செல் பிடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களே, இனி என்ன பயம்?

நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு 500-க்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து நின்றால் "பிடித்துவிட்டது" என்பார்கள். அது எண்ணிக்கை. படையில் ஆள் சேர்ந்துவிட்டது, ஆனால் எல்லாரும் நேற்றுச் சேர்ந்தவர்கள், யார் எதிரி யார் வீட்டுக்காரன் என்று இன்னும் தெரியாது. வைரஸையும் பூஞ்சணத்தையும் அடையாளம் கண்டு அடிக்கிற டி செல்கள் ஒழுங்காகத் திரும்ப ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. சொந்த செல்லையே எடுத்து வைத்துத் திரும்ப ஏற்றினால் ஒட்டோலொகஸ் (மயலோமாவுக்கும் சில லிம்ஃபோமாவுக்கும் பெரும்பாலும் இதுதான்), இன்னொருவருடையதை ஏற்றினால் அலோஜெனிக். முதல் வகையில் முக்கியமான பயம் தொற்று. இரண்டாவதில் தொற்றோடு, வந்த செல்கள் இருக்கிற உடம்பையே தாக்கும் ஜி.வி.எச்.டி.யும் சேர்ந்துகொள்ளும். கீழே எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகைக்காரருக்கானது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே என்னென்ன வரும்?

செல் ஏற்றிய நாளை "டே சீரோ" என்று வைத்து எண்ணுவார்கள். உறைய வைத்த செல் என்றால் அன்றைக்கு அறை முழுக்கப் பூண்டு வதக்கின மாதிரி ஒரு மணம் அடிக்கும். உறைபதனத்துக்குச் சேர்க்கிற டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் மூச்சு வழியாக வெளியேறுவதுதான் அது. பயப்பட வேண்டாம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும்.

அடுத்த வாரம்தான் சோதனை. வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்க முடியாது. செல் ஏற்றுவதற்கு முன்பு கொடுக்கும் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து ஏறும் நேரத்தில் ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கி வைத்திருந்தால் இந்தப் புண் குறைகிறது. வாயின் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் மருந்து அங்கே குறைவாகப் போய்ச் சேர்கிறது, தந்திரம் அவ்வளவுதான். காசே செலவில்லாத இந்த வேலையைச் சிலர் குளிர்கிறது என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். உப்பும் சோடாமாவும் கலந்த தண்ணீரால் கொப்பளிப்பது, குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ், வலிக்கு மோர்ஃபின். மோர்ஃபின் என்றதும் நம் ஆட்கள் பதறுவார்கள். வாய்ப்புண்ணுக்குச் சில நாள் கொடுத்து நிறுத்துவதால் யாரும் அதற்கு அடிமையாகிவிடுவதில்லை.

தினமும் காலையில் நிறை பார்ப்பதும், டேப் வைத்து இடுப்பை அளப்பதும் ஏன் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கல்லீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அடைபடும் வி.ஓ.டி. என்ற சிக்கல் அப்படித்தான் முதலில் தெரியும்: திடீரென நிறை ஏறும், வலது பக்க விலாவுக்குக் கீழே நோகும், கண் மஞ்சளாகும். பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள். இதைத் தடுக்கப் பல இடங்களில் அர்சோடியொக்ஸிகோலிக் அசிட் மாத்திரை கொடுக்கிறார்கள். கடுமையாக வந்தால் டிஃபைப்ரோடைட் என்ற மருந்து உண்டு, அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது, விலை மட்டும் கேட்காதீர்கள். சைக்ளோஃபொஸ்ஃபமைட் என்ற கீமோ மருந்து கொடுத்தவர்களுக்குச் சிறுநீரில் இரத்தம் வரலாம், அதனால்தான் மெஸ்னாவும் லீற்றர் கணக்கில் சேலைனும் ஏற்றுகிறார்கள்.

காய்ச்சல் 38 காட்டுகிறது. பனடோல் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள்.

நம் வீடுகளில் உடம்பு கொஞ்சம் சுட்டாலே கை தானாகப் பனடோல் அட்டைக்குப் போகும். இங்கே அது காய்ச்சலை மறைக்கும், தொற்றை ஒன்றும் செய்யாது. நியூட்ரோஃபில் குறைந்த ஆளுக்குக் கிருமி இரத்தத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் பிரஷர் விழுந்துவிடும். அதனால்தான் காய்ச்சலோடு வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஊசி வழியாக அன்ரிபயோட்டிக் போக வேண்டும் என்று உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை 38.3, அல்லது 38-க்கு மேல் ஒரு மணி நேரம் நீடித்தால் காய்ச்சல் என்பது வழக்கமான கணக்கு. பழைய தெர்மோமீட்டரில் 101-உம் 100.4-உம். பல டீம்கள் 38 வந்தாலே கூப்பிடு என்பார்கள், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஸ்டீரொய்டு எடுப்பவருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சலே வராமல் போகலாம். நடுக்கம், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது, "ஏதோ சரியில்லை" என்ற அசதி, இவையும் காய்ச்சலுக்குச் சமம். அடுத்து, நெஞ்சில் இருக்கும் ஹிக்மன் லைன் என்ற குழாயில் மருந்தோ சேலைனோ ஏற்றிய கொஞ்ச நேரத்தில் பல் கிட்டும்படி குளிர் எடுத்தால் லைனிலேயே கிருமி என்று சந்தேகிக்க வேண்டும். கொழும்பு வெக்கையில் அந்த பிளாஸ்டருக்குக் கீழே வியர்த்து ஓரம் கிளம்பும். கிளம்பினால் மேலே இன்னொரு பிளாஸ்டர் ஒட்டி மறைக்காமல் உடனே போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டயக்னோசிஸ் கார்ட், மருந்துப் பட்டியல், டீமின் டெலிபோன் நம்பர் மூன்றும் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். இரவென்றால், வாகனம் இல்லையென்றால், 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இலவசம். உள்ளே போனதும் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி வரிசையில் குந்தாமல் "பி.எம்.டி. செய்த ஆள், எதிர்ப்புச் சக்தி இல்லை, காய்ச்சல்" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். சிங்களத்தில் சொல்லத் தடுமாற்றமாக இருந்தால் ஒரு தாளில் மூன்று மொழியிலும் எழுதி அந்தப் பையிலேயே வைத்துவிடலாம், நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைவாக இருந்தால் தசையில் போடும் ஊசியும், பின்பக்கம் வைக்கிற மாத்திரையும் வேண்டாம் என்று நீங்களே நினைவுபடுத்துங்கள். வோல்டரன், ஐபுப்ரோஃபென், அஸ்பிரின் வகை எதுவும் டொக்டர் சொல்லாமல் கூடாது.

ஜி.வி.எச்.டி. என்கிறார்களே, எப்படித் தெரியும்?

தானமாக வந்த செல்லுக்கு உங்கள் உடம்பு அந்நியம். அது தாக்கத் தொடங்கினால் பெரும்பாலும் மூன்று இடம்: தோல், குடல், கல்லீரல். முதல் நூறு நாளில் அதிகம், ஆனால் அதற்குப் பிறகும் வரலாம்.

தோலில் பார்க்க வேண்டிய இடங்கள் உள்ளங்கை, உள்ளங்கால், காதுக்குப் பின்புறம், கழுத்து, முதுகின் மேல்பக்கம். வெயிலில் நின்று வந்த மாதிரிச் சிவந்து, அரிப்போ எரிவோ இருக்கும். நம் கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதைப் பல கையேடுகள் சொல்வதில்லை. நிறம் இன்னும் கறுத்தோ ஊதா பாரித்தோ தெரியும், தடவினால் சொரசொரப்பாக இருக்கும். ஆகவே குளித்து முடித்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், கையாலும் தடவிப் பாருங்கள். ஃபோனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டால் நேற்றைக்கு இன்றைக்குக் கூடினதா என்ற சண்டை வராது.

குடல் என்றால் சத்தி, பசியின்மை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீராகப் போவது. "நாலைந்து தரம் போனது" என்று சொன்னால் போதாது, அளவு வேண்டும். ஒரு நாளைக்கு அரை லீற்றர் தாண்டுகிறதா என்பதை வைத்துத்தான் கட்டம் பிரிக்கிறார்கள். பழைய அளவுக் கோப்பை ஒன்றைக் கக்கூசில் வைத்துவிடுங்கள், அருவருப்பை ஒரு வாரத்தில் மறந்துவிடுவீர்கள். கல்லீரல் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையில்தான் முதலில் பிடிபடும், பிலிருபின் ஏறும், பிறகுதான் கண் மஞ்சளாகும்.

வயிற்றோட்டம் எல்லாமே ஜி.வி.எச்.டி.யும் இல்லை. தொற்றாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம். அதனால்தான் குடலில் குழாய் விட்டுச் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். தொற்றுக்கும் ஜி.வி.எச்.டி.க்கும் சிகிச்சை எதிரெதிர்த் திசையில் போகும், ஊகத்தில் தொடங்க முடியாது.

அதைத் தடுக்கவும் குணமாக்கவும் என்ன இருக்கிறது?

தடுப்பு மாற்றுக்கு முன்பே தொடங்குகிறது. செல்களின் அடையாளக் குறியான எச்.எல்.ஏ. இருவருக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பதே முதல் தடுப்பு. அப்புறம் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் அல்லது டக்ரோலிமஸ், கூடவே சின்ன அளவில் மெதோட்ரெக்ஸேட். சிலருக்கு ஏ.டி.ஜி. என்ற சீரம். பாதிப் பொருத்தமுள்ள அப்பா, அம்மா, பிள்ளைகளிடமிருந்து எடுப்பது இப்போது பரவலாகி இருப்பதற்குக் காரணம், செல் ஏற்றிய மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோஃபொஸ்ஃபமைட் கொடுக்கும் முறை. தாக்கத் துடிக்கிற செல்கள் பெருகத் தொடங்கும் நேரம் பார்த்து அவற்றை மட்டும் அடிக்கிறது, ஸ்டெம் செல் தப்பிவிடுகிறது.

வந்துவிட்டால் முதலில் ஸ்டீரொய்டு. லேசான தோல் சிவப்புக்குக் களிம்பே போதும். குடலும் கல்லீரலும் சேர்ந்தால் மெதைல்பிரெட்னிசொலோன் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை போகும். ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது போதாமல் போகிறது. அவர்களுக்கு இப்போது முதலில் நினைப்பது ருக்ஸோலிட்டினிப். அமெரிக்காவில் 2019-ல் உடனடி வகைக்கும் 2021-ல் நாள்பட்ட வகைக்கும் அனுமதி வந்தது. இரத்தத்தை வெளியே எடுத்து ஒளி காட்டித் திரும்ப ஏற்றும் ஃபொட்டோஃபெரிஸிஸ் என்ற முறையும் இருக்கிறது.

ஸ்டீரொய்டு நாட்களைப் பற்றி யாரும் முன்னதாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். சீனி ஏறும், முகம் வீங்கும், தொடைத் தசை இளகி நிலத்திலிருந்து எழும்ப முடியாது, இரவெல்லாம் தூக்கம் வராது, சின்ன விஷயத்துக்குக் கோபம் வெடிக்கும். கோபம் மருந்துடையது. வீட்டில் எல்லாருக்கும் இதை முன்பே சொல்லி வைத்தால் பாதிச் சண்டை குறையும். குணம் என்று தெரிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

சைக்ளோஸ்போரின் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நேரம். பன்னிரண்டு மணி இடைவெளி என்றால் பன்னிரண்டு. அட்டையைக் கிழித்ததும் வரும் அந்த நாற்றம் வழக்கமானது, பழுதில்லை. கிளினிக் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். மருந்து இரத்தத்தில் மிகக் குறைந்திருக்கும் நேரத்து அளவுதான் அவர்களுக்குத் தேவை. போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடுதலாகத் தெரியும், டொக்டர் மருந்தைக் குறைப்பார், ஜி.வி.எச்.டி. எட்டிப் பார்க்கும்.

பிரஷர் ஏறும், கை நடுங்கும், பொட்டாசியம் கூடும், மக்னீசியம் குறையும், சிறுநீரகம் வாடும். திடீரென்று கடுந்தலையிடியோடு பார்வை மங்கினாலோ வலிப்பு வந்தாலோ நேரே ஆஸ்பத்திரி.

பழங்களில் கிரேப்ஃப்ரூட் கூடாது என்று தாளில் போட்டிருப்பார்கள். கிரேப்ஃப்ரூட் இங்கே யார் சாப்பிடுகிறார், ஜம்போலாதான் சாப்பிடுகிறோம். அதுவும் அதே இனம், அதிலும் மருந்தின் அளவை ஏற்றும் பொருள் இருக்கிறது, வேண்டாம். செவ்விளநீர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று பார்க்க வருகிறவர்கள் குலையோடு கொண்டுவந்து இறக்குவார்கள், அதில் பொட்டாசியம் நிறைய. இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். பிலிம்பி, காமரங்கா இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை, அவற்றையும் ஒதுக்குங்கள்.

தெருமுனை டிஸ்பென்ஸரியில் தொண்டை வலிக்கு எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் எழுதிக்கொடுத்தால் சைக்ளோஸ்போரின் எகிறும். காசநோய்க்கான ரிஃபம்பிசின் அதை அடியோடு இறக்கிவிடும். பூஞ்சண மருந்துகளான வோரிகொனசோல், பொசகொனசோல் தொடங்கினாலும் நிறுத்தினாலும் அளவு மாறும். சுருக்கமாக, புது மாத்திரை எதுவானாலும் பி.எம்.டி. டீமிடம் ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டு.

நோய் இல்லையே, பிறகு ஏன் இத்தனை மாத்திரை?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு காவல். அசிக்ளோவிர், ஹேர்ப்பிஸும் அக்கியும் கிளம்பாமல் இருக்க, வழக்கமாக ஒரு வருடமாவது. செப்ட்ரின் என்று நமக்குத் தெரிந்த கோட்ரைமொக்ஸசோல், நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றுக்கு, ஆறு மாதமாவது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து ஓடும்வரை. ஃபுளுகொனசோலோ பொசகொனசோலோ பூஞ்சணத்துக்கு. இருமலோ காய்ச்சலோ இல்லாமல் நன்றாக இருக்கிறவர்தான் "இது எதற்கு" என்று செப்ட்ரினை விடுவார்.

சி.எம்.வி. வேறு கதை. நம்மில் பெரும்பாலானோர் உடம்பில் சின்ன வயதிலிருந்தே அமைதியாக இருக்கும் வைரஸ் அது. காவல் குறைந்ததும் எழும்பி நுரையீரல், குடல், கண் வரை போகும். அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் வாரா வாரம் பி.சி.ஆர். பார்த்து, ஏறத் தொடங்கியதும் கன்சைக்ளோவிர் அல்லது வல்கன்சைக்ளோவிர் கொடுப்பதுதான் வழி. இவை வெள்ளை அணுவைக் குறைக்கும், அதனால் மறுபடியும் இரத்தப் பரிசோதனை. வராமலே தடுக்க லெட்டர்மோவிர் 2017-ல் வந்தது. காசு பெரிய கேள்வி என்பதால் உங்கள் இடத்தில் கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

டெங்கு?

கொழும்பில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் முடியாது. 2017-ல் நாட்டில் 1,86,000-க்கு மேல் டெங்குத் தொற்று பதிவானது, மேல் மாகாணம்தான் அதில் முன்னணி. பிளேட்லெட் ஏற்கனவே குறைவாக இருக்கும் ஆளுக்கு டெங்கு வந்தால் எது மாற்றின் விளைவு, எது டெங்கு என்று பிரிப்பதே சிரமம். காய்ச்சலோடு போகும்போது "டெங்கு என்.எஸ்.1 பார்ப்பீர்களா" என்று நீங்களே கேளுங்கள். உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்காத நிலையில் இருப்பதால் ஆன்டிபொடி பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் நம்ப முடியாது.

ஏடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள். மணி பிளான்ட் போத்தல், ஃப்ரிஜ்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, ஏசி தண்ணீர் வாளி, பல்கனிப் பூச்சாடித் தட்டு, மேல்மாடித் தண்ணீர்த் தாங்கி மூடி, பீலி. தொடர்மாடியில் இருந்தால் உங்கள் வீட்டை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை, செயலாளரைப் பிடித்துக் கட்டடம் முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வெள்ளம் வந்தால் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது, எலிக்காய்ச்சல்.

பக்கத்துக் காணியில் கட்டட வேலை நடக்கிறது, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். உடைக்கிற பழைய சுவர், கிண்டுகிற மண் இவற்றிலிருந்து அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சண வித்து காற்றில் பறக்கும். நம் நுரையீரல் கணக்கெடுக்காமல் துப்பிவிடும், இவர்களுடையதில் வேர் பிடிக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று எங்கே பார்த்தாலும் இடிப்பதும் கட்டுவதும்தான், அதனால் இது கொழும்புக்காரருக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அந்தப் பக்க ஜன்னலைச் சாத்தி வையுங்கள், வெளியே போனால் என்95 மாஸ்க் போடுங்கள், ஏசி ஃபில்டரை வேறு யாராவது கழற்றிக் கழுவட்டும். முடிந்தால் அந்தச் சில மாதங்களுக்கு உறவுக்காரர் வீட்டுக்கு மாறிவிடுவது நல்லது. வீட்டுக்குள்ளே பெயின்ட், டைல்ஸ் வேலை எல்லாம் ஆள் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சாம்பிராணிப் புகை, பூச்சாடி மண் கிண்டுவது, பூசை அறையில் நாலு நாள் பழைய பூவும் தண்ணீரும், இவையும் அதே பட்டியல்தான்.

கோயிலுக்கும் ஆடிவேலுக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கும் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: முதல் வருடம் கூட்டம் வேண்டாம். கூட்டமில்லாத வார நாள் காலையில் மாஸ்க்கோடு போய்க் கும்பிட்டு வரலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், பலர் சரி என்பார்கள்.

என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

எதையும் தொடாதே என்ற மிகக் கண்டிப்பான சாப்பாட்டுப் பட்டியல் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. ஆள் சாப்பிடாமல் மெலிவதுதான் நடக்கிறது. எனவே என் கட்சி: பட்டியலைவிடக் குசினியின் சுத்தம் முக்கியம். சுடச்சுட இடியப்பமும் சொதியும், பருப்பு, நன்றாக வெந்த மீன், முழுதாக அவித்த முட்டை, நீங்களே கழுவித் தோல் உரித்த வாழைப்பழம், தோடம்பழம் தாராளமாகக் கொடுக்கலாம். பச்சை வல்லாரைச் சம்பல், அரைவேக்காட்டு முட்டை, சட்டியில் வரும் எருமைத் தயிர், காலி முகத்திடல் இறால் வடை, தெருவில் வெட்டி மிளகாய்த் தூள் தூவிய அன்னாசி, மாங்காய் அச்சாறு எல்லாம் டீம் சரி சொல்லும்வரை காத்திருக்கட்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொடுங்கள். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருந்தால் அது மற்றவர்களுக்கு. ருசி மாறிப்போய் எதைக் கொடுத்தாலும் உலோகம் மாதிரி இருக்கிறது என்பார்கள். வற்புறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள்.

நாட்டு மருந்து, கசாயம், ஆயுர்வேதம்?

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் எதையும் அலோஜெனிக் ஆளுக்குக் கொடுக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கத்தானே இத்தனை பாடு? கறியில் போடும் மஞ்சளும் மல்லியும் சாப்பாடு, மஞ்சள் கப்ஸ்யூல் மருந்து. வித்தியாசம் அதுதான். மாமி மனம் நோகும் என்றால் வாங்கி வையுங்கள், கொடுக்க வேண்டாம்.

சொந்தக்காரர் பார்க்க வருகிறார்களே, எப்படி வேண்டாம் என்பது?

வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள், டொக்டர் சொன்னார் என்று பழியை அவர் மேல் போடுங்கள். தடிமன், இருமல், வயிற்றோட்டம், கண்நோய் உள்ளவர் வரக் கூடாது. வருகிறவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, மாஸ்க் போட்டு, கட்டிலில் இருக்காமல் கதிரையில் இருக்கட்டும். அம்மை கண்ட பிள்ளையோடு ஒரே அறையில் இருந்துவிட்டார் என்று தெரிந்தால் கொப்புளம் வரக் காத்திருக்காமல் அன்றைக்கே டீமுக்குச் சொல்லுங்கள், முன்கூட்டியே கொடுக்க மருந்து உண்டு.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வாயில் விடும் போலியோ சொட்டைப் பற்றி கிளினிக்கில் பேசுங்கள். அதில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது, பல நாள் மலத்தில் வெளியேறும். ஊசியாகப் போடும் போலியோ மருந்தில் அந்தப் பிரச்சினை இல்லை. மற்றபடி வீட்டில் உள்ள எல்லாரும் வருடா வருடம் ஃபுளூ ஊசி போடுவது நோயாளிக்கே செய்யும் உதவி.

சின்ன வயதில் போட்ட தடுப்பூசி எல்லாம் போய்விட்டதா?

அநேகமாகப் போய்விட்டது, திரும்பப் போட வேண்டும். நியூமோகொக்கல் மூன்று முதல் ஆறு மாதத்தில், டிப்தீரியா, டெட்டனஸ், ஹெப்படைட்டிஸ் பி, ஊசிப் போலியோ போன்றவை ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் தொடங்கும். எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டு வருடத்துக்கு முன் கிடையவே கிடையாது, அதற்குப் பிறகும் ஜி.வி.எச்.டி. இல்லாமலும் அடக்கும் மருந்து நிறுத்தியும் இருந்தால்தான். பி.சி.ஜி. வேண்டாம். பழைய கிளினிக் அட்டையைக் காட்டி "எல்லாம் போட்டாயிற்றே" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள், டீமிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால்?

கதிர் பாய்ச்சிய இரத்தம் என்று டயக்னோசிஸ் கார்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஏற்றும் இரத்தத்தில் இருக்கும் உயிருள்ள வெள்ளை அணுக்கள் இந்த உடம்பில் பெருகித் தாக்கினால் அநேகமாக ஆளைக் காப்பாற்ற முடியாது, கதிர் பாய்ச்சினால் அவை பெருகாது. வேறு வோர்ட்டில், வேறு ஊரில் அனுமதித்தால் இதை நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும். இரத்த வகையும் மாறியிருக்கலாம். என் அண்ணா பிறந்தது ஓ, இப்போது என்னுடைய பி. அடையாள அட்டையோடு வைத்திருந்த பழைய இரத்த வகை அட்டையை அம்மா கிழித்தே போட்டுவிட்டார், இனி உனக்கு நல்ல புத்தி வரும் என்று வேறு சொன்னார்.

வேலூரிலோ சென்னையிலோ செய்துகொண்டு திரும்புகிறோம். இங்கே யாரிடம் போவது?

விமானம் ஏறும் முன்பே இங்கே ஒரு ஹீமட்டொலொஜிஸ்ட்டிடம் (இரத்த நோய் நிபுணர்) ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு வாருங்கள், வந்து தேடாதீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்தே எலும்பு மச்சை மாற்று நடக்கிறது, அங்கிருந்து வரும் விவரக் கடிதம் நன்றாகவே இருக்கும், ஆனால் கடிதம் இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் பார்க்காது. இங்கே மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரி தேசியப் புற்றுநோய் நிறுவனம். தனியார் ஆஸ்பத்திரிகளிலும் நிபுணர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவை: சைக்ளோஸ்போரின் அளவு எங்கே பார்ப்பது, எத்தனை நாளில் ரிப்போர்ட் வரும், சி.எம்.வி. பி.சி.ஆர். எங்கே, கதிர் பாய்ச்சிய இரத்தம் எப்படிக் கிடைக்கும், இரவில் எந்த நம்பர். மருந்தை ஒரு மாதக் கையிருப்போடு வாருங்கள். ஒரு கம்பனி சைக்ளோஸ்போரினிலிருந்து இன்னொன்றுக்கு ஃபார்மசியில் "அதேதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள், மாற்றினால் அளவு திரும்பப் பார்க்க வேண்டும்.

ஒரு வருடம் தாண்டிவிட்டது. இன்னும் கவனம் வேண்டுமா?

வேண்டும், ஆனால் வேறு விதமாக. நாள்பட்ட ஜி.வி.எச்.டி. சத்தமில்லாமல் வரும். கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், வாய் உலர்ந்து மிளகாய் தாங்காமை, தோல் இறுகுவது, மூட்டு மடங்காமை. பெண்களுக்குப் பிறப்புறுப்பில் உலர்வும் எரிவும் வரும், வெட்கத்தில் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். சொன்னால் களிம்பு உண்டு, சொல்லாவிட்டால் ஒட்டிச் சுருங்கிவிடும்.

நான் அதிகம் பயப்படுவது நுரையீரலை. மாடிப்படி ஏறினால் முன்பைவிட மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல், காய்ச்சல் இல்லை. "உடம்பு இன்னும் தேறவில்லை" என்று கடந்துவிடுவோம். சின்னச் சுவாசக் குழாய்கள் தழும்பாகி அடைபடுவதாக இருக்கலாம், போன பகுதி திரும்ப வராது. ஆகவே ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைச் சில மாதத்துக்கு ஒரு தடவை கேட்டு வாங்குங்கள்.

வெயில் தோல் ஜி.வி.எச்.டி.யைக் கிளப்பிவிடும், தோல் புற்றுநோய்க்கும் வழி. தொப்பி, குடை, நீளக் கை, சன்ஸ்கிரீன். வெற்றிலை, பாக்கு, புகையிலை, பாபுல் எல்லாவற்றுக்கும் நிரந்தர விடை கொடுங்கள். மாற்றுக்குப் பிறகு வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏற்கனவே கூடுதல், அதன்மேல் பாக்கைப் போட்டால் கேட்கவே வேண்டாம். தைரொய்டு, கண்புரை, எலும்புத் தேய்மானம், கொலஸ்ட்ரோல் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். குழந்தைப்பேறு பற்றிய பேச்சு மாற்றுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும், விந்தோ முட்டையோ சேமித்து வைக்க அப்போதுதான் நேரம். இன்னும் சிகிச்சை தொடங்காத குடும்பம் இதை வாசித்தால் நாளைக்கே கேளுங்கள்.

நோய் திரும்ப வந்தால் எல்லாம் வீண்தானே?

வீண் இல்லை. தானமாக வந்த செல்கள் மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்லையும் வேட்டையாடுகின்றன, இந்தச் சிகிச்சையின் பலமே பாதி அதில்தான். லேசான ஜி.வி.எச்.டி. வந்தால் சில டொக்டர்கள் அவ்வளவு கவலைப்படாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். நோய் எட்டிப் பார்ப்பது முன்கூட்டியே தெரிந்தால் அடக்கும் மருந்தைக் குறைப்பது, கொடையாளியின் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களை மறுபடி ஏற்றுவது, புதிய மாத்திரைகள் என்று வழிகள் இருக்கின்றன. இரண்டாவது மாற்றும் சிலருக்குச் செய்கிறார்கள்.

பூனை இருக்கிறது, கொடுத்துவிட வேண்டுமா?

தேவையில்லை. மலத்தட்டை நோயாளி தொடவே கூடாது, டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி அதில் இருக்கலாம். வேறு யாராவது தினமும் மாற்றுங்கள். கீறினால் கழுவிவிட்டு டீமிடம் சொல்லுங்கள். தெருப் பூனை, புறா, கிளி, ஆமைத் தொட்டி எதுவும் புதிதாக இப்போது வேண்டாம். உங்கள் பூனை கட்டிலில் படுத்தால் கீழே இறக்கி விடுங்கள், திரும்ப ஏறும், திரும்ப இறக்குங்கள்.